லண்டன் வாழைக்கு நாலு கம்பளி

(சோழவந்தான் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணை. கொடைக்கானல் பங்களாக்களுக்குச் செடி அனுப்பும் பேச்சியம்மா கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கொழுந்தனார் சோணைமுத்து கட்டைப்பையோடு வருகிறார்.)

சோணை: மதினி, மக லண்டன்ல கொல்லையில வாழை வச்சிருக்கால்ல, குளிர் வருதாம். நான் அடுத்த வாரம் போறேன். விளக்குத்தூண்ல நாலு கம்பளி எடுத்துட்டேன்.

பேச்சி: மாப்பிள்ளைக்கா?

சோணை: அவருக்கு ஹீட்டர் இருக்கு. வாழைக்கு!

பேச்சி: நல்லா எடுத்தீக. கம்பளி நனைஞ்சா லேசுல காயாது, அந்த ஊர்ல குளிர்காலம் பூரா தூத்தல். குளிரைவிட ஈரந்தான் வாழைக்கு எமன். என்ன ரகம்?

சோணை: மூசா பாஸ்ஜூன்னு ஏதோ மந்திரம் சொன்னா.

பேச்சி: தப்பிச்சீங்க. சொந்த ஊரு சீனா, பேரு மட்டும் ஜப்பான் நார் வாழை. அடிமண்ணை மூடிட்டா மைனஸ் 10 டிகிரியைக்கூட கிழங்கு தாங்கிரும். நம்ம ரஸ்தாளியா இருந்தா தொட்டியோட வீட்டுக்குள்ள தூக்கணும்.

சோணை: பழம் எப்படி, ருசியா இருக்குமா?

பேச்சி: திங்க ஆகாது. உள்ள பூரா விதை.

சோணை: பழமும் இல்லாத வாழைக்கா பேரம் பேசி கம்பளி வாங்குனேன்! இலையாவது அறுக்கலாமா?

பேச்சி: மொத உறைபனியில இலை கருகிரும். அதுவரைக்கும் விட்டு வைங்க. கருகுனதும் அம்புட்டையும் காம்போட, மரத்தை ஒட்டி அறுத்திருங்க. பழனிக்குப் போயிட்டு வந்த கணக்கா நிக்கணும்.

சோணை: மொட்டையடிச்சா சளி பிடிக்காதா?

பேச்சி: மரத்தைச் சுத்தி நாலு கம்பு ஊனி கோழி வலை கட்டுங்க. மரத்துக்கும் வலைக்கும் நடுவுல ஒரு அடி இடம் வேணும். அதுல காஞ்ச வைக்கோலைப் போடுங்க.

சோணை: வைக்கோலா? பெட்டியில இன்னும் எட்டு கிலோவுக்கு இடமிருக்கு.

பேச்சி: ஏர்போர்ட்ல உங்களையும் சேத்து உக்கார வச்சிருவாக. அங்கயே குதிரைக்குப் போடுற கோதுமை வைக்கோல் கட்டுக்கட்டா கிடைக்கும். போட்டுட்டு ஏறி மிதிக்காதீக. வைக்கோலுக்கு நடுவுல நிக்கிற காத்துதான் குளிரைத் தடுக்கும்.

சோணை: எதுக்கு இம்புட்டுப் பாடு? பாலித்தீன் தாளை இறுக்கிச் சுத்தி கயித்தைக் கட்டிட்டா?

பேச்சி: உள்ளுக்குள்ள வேர்த்துக் கொட்டும். அந்தத் தண்ணி மட்டை இடுக்கு வழியா குருத்துக்கு இறங்கும். தை மாசம் தொட்டுப் பாத்தா கொழகொழன்னு கையோட வரும், நாத்தம் தாங்காது. தாளை உச்சிக்கு மட்டும் சாச்சு, தொப்பி மாதிரி போடுங்க. பக்கமெல்லாம் காத்தாடட்டும்.

சோணை: அடியில?

பேச்சி: அடியிலதான் உசுரே இருக்கு! மேல தெரியிறது மரமே இல்ல, சுத்திக்கிட்ட மட்டை. கிழங்கு மண்ணுக்குள்ள. அதனால மரத்தைச் சுத்தி மூணடி அகலத்துக்கு, ஒரு அடி கனத்துக்குச் சருகு போடணும். எலி வந்து குடும்பம் நடத்தும், அப்பப்ப கிளறிப் பாக்கச் சொல்லுங்க.

சோணை: எப்பப் பிரிக்கிறது?

பேச்சி: ஏப்ரல் கடைசியில.

சோணை: அழகர் ஆத்துல இறங்குற நேரமாச்சே! நான் ஊருக்கு வந்துருவேன்.

பேச்சி: மாப்பிள்ளை பிரிப்பாரு.

சோணை: அவரா? வெங்காயம் உரிக்கவே யூடியூப் பாக்குறவரு.

பேச்சி: ஒரேடியா அவுக்காம பைய அவுக்கச் சொல்லுங்க. பிந்தின பனி ராத்திரி விழுந்தா, பழைய சாக்கை மூடிட்டு காலையில எடுத்துரணும். மரத்தைக் கட்டை விரலால அமுக்கிப் பாக்கட்டும். மெத்துனு இருந்தா, வெள்ளையா கெட்டியா வர்ற வரைக்கும் சீவிக்கிட்டே போகணும். தரையோட போனாலும் கிழங்கு நல்லா இருந்தா பக்கக்கன்னு வெடிக்கும். ஆகஸ்டுக்கு மேல யூரியா போட்டாளா?

சோணை: போன வாரங்கூட ஒரு கை போட்டாளாம். பாசம்!

பேச்சி: இளசா தழைச்சு நிக்கும். பனிக்கு மொத பலி அதுதான். நிறுத்தச் சொல்லுங்க.

சோணை: ஜூன் முடிஞ்சும் கன்னு வரலைன்னா?

பேச்சி: கிழங்கைத் தோண்டிப் பாருங்க. அழுகியிருந்தா தூக்கிப் போட்டுர வேண்டியதுதான்.

சோணை: அந்தக் குழியில கறிவேப்பிலை வச்சிரட்டுமா?

பேச்சி: வெளிய வச்சா அதுவும் குளிர்ல போயிரும்.

சோணை: அந்த ஊருக் குளிர்ல எதுதான் மதினி வளரும்?

பேச்சி: கரண்டு பில்லு.