சில்லறை ரோலில் வெள்ளிக் காசு கிடைக்குமா?

"வங்கியில் சில்லறை ரோல் (காசுகளை அடுக்கிச் சுற்றிய கட்டு) வாங்கிப் பிரியுங்கள், பழைய சிங்கப்பூர்க் காசெல்லாம் வெள்ளி, ஒன்று கிடைத்தாலே லாபம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் டாலரை நாம் 'வெள்ளி' என்கிறோம். அதற்காக 'ஒரு வெள்ளி' காசு வெள்ளி உலோகம் ஆகிவிடாது. 1967இல் வந்த முதல் வரிசையில் கடல்குதிரை போட்ட 10 காசும் வாள்மீன் போட்ட 20 காசும் செம்பும் நிக்கலும் கலந்தவை. 1980களில் வந்த பொன்னிற ஒரு வெள்ளி, அலுமினிய வெண்கலம். அதில் தங்கமும் இல்லை.

இந்தக் கதை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம். அங்கே 1964 வரை அச்சிட்ட டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) காசுகளில் 90 சதவீதம் வெள்ளி இருந்தது. அதனால்தான் அங்கே ரோல்களைப் பிரித்துத் தேடுகிறார்கள்.

இன்னொன்று, பழைய காசு செல்லாது என்பதும் பொய். 2002இல் வெளியிடுவதை நிறுத்திய 1 காசு உட்பட, பழைய வரிசைகள் இன்றும் செல்லும். யாராவது பயமுறுத்திக் குறைந்த விலைக்குக் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

சரி, ஆசைக்குத் தேடலாமா? தாராளமாக. எனக்கும் அதில் மிகுந்த விருப்பம். ஆனால் சில்லறை வாங்கவும் திருப்பிக் கட்டவும் கட்டணம் உண்டா என்று வங்கியில் முதலில் கேளுங்கள். அப்புறம், கிடைத்த பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பு குறைந்துவிடும்.