அவரவர் நிறத்தில் அனுப்பி வையுங்கள்

போன மாதம் ஒரு மகன் இறந்துபோன தன் அம்மாவின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டி, "அம்மாவைக் கொஞ்சம் வெள்ளையாக் காட்டுங்கோ அண்ணை, சனம் கன பேர் வரும்" என்று கேட்டார். அவர் கேட்டதில் அன்புதான் இருந்தது. ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மலர்ச்சாலையில் வேலை செய்கிறேன். பிரேதத்தைக் கழுவி, கெட்டுப்போகாமல் இருக்க எம்பாம் செய்து, உடுப்பு உடுத்தி, முகத்தையும் முடியையும் சரிசெய்து பார்வைக்கு வைப்பது என் வேலை. முகமும் முடியும் சரிசெய்வதை இங்கே ரெஸ்டரேட்டிவ் ஆர்ட் என்று தனிப் பாடமாகவே படிப்பிக்கிறார்கள். மெழுகு, நிறம், முடி மூன்றும் அதற்குள் வரும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். 2006இல் அப்பா இறந்தார். அப்போது எனக்கு ஒரு பக்டரியில் இரவு வேலை. அப்பாவைப் பார்வைக்கு வைத்த இடத்தின் பெயர் வேண்டாம். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இருந்த முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதற்கு மேல் கன்னத்தில் ரோஸ் நிறம் வேறு. அப்பா நல்ல கறுப்பு. பனங்காய் மினுங்குவதுபோல மினுங்குகிற கறுப்பு. மீசையையும் காணவில்லை. ஒட்சிசன் மாஸ்க் போடுவதற்காக ஆஸ்பத்திரியில் வழித்தார்களா, இங்கே சவரம் செய்தபோது வழித்தார்களா என்று கேட்கிற நிலையில் நாங்கள் ஒருவரும் இல்லை. அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். மூன்று மணித்தியாலமும் அப்பாவின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கு ஒருவரும் ஒன்றும் பூசவில்லை. அது அப்பாவின் கையாகவே இருந்தது.

அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்பது படிக்கப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் கறுப்பு, மாநிறம் என்று சொல்வதெல்லாம் மெலனின் மட்டும் தருகிற நிறமில்லை. மெலனினின் பழுப்பு, கரோட்டினின் மஞ்சள், தோலுக்கு அடியில் ஓடுகிற இரத்தத்தின் சிவப்பு எல்லாம் சேர்ந்த கலவை அது. இதயம் நின்றதும் இரத்தம் தன் பாரத்தாலேயே கீழே இறங்கிவிடும். மல்லாந்து கிடப்பவருக்கு முதுகுப் பக்கம் ஊதா பாயும், முகத்திலிருந்து சிவப்பு வடிந்துபோகும். நிறம் கலக்கிறவர்களின் கணக்கில் பழுப்பு என்பது இருண்ட தோடம்பழ நிறம்தான். அதிலிருந்து சிவப்பை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது பச்சை கலந்த ஒரு சாம்பல். கறுத்த தோலில் சிவப்பு இருப்பது உயிரோடு இருக்கும்போது எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. போன பிறகுதான் அது அங்கே இருந்தது என்று தெரியும்.

இந்தச் சாம்பலைக் கண்டதும் கை தானாக வெள்ளைப் பவுடரைத் தேடும். அதுதான் பிழை. கறுத்த சட்டியில் பாலை மெல்லிசாகத் தடவிப் பாருங்கள், அது வெள்ளையாகத் தெரியாது, நீலம் பாய்ந்து தெரியும். தூரத்து மரங்களுக்கு முன்னால் புகை நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். பவுடரில் இருக்கும் டைட்டானியம் டையொக்சைட் என்ற வெள்ளைப் பொருள் கறுத்த தோலின் மேல் அதையேதான் செய்கிறது. ஏற்கெனவே சிவப்பை இழந்து நிற்கிற முகத்துக்கு நீலத்தையும் சேர்த்துப் பூசினால் அப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இந்தக் கை வேலை வெள்ளைத் தோலை முன்னால் வைத்து வளர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் செத்த படையினரை ஊருக்கு அனுப்பத்தான் எம்பாம் அங்கே பரவியது. 1865இல் ஜனாதிபதி லிங்கனின் உடலை வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். ஏப்ரல் 21இல் புறப்பட்டு மே 3இல் போய்ச் சேர்ந்தது. வழியில் ஊர் ஊராகப் பார்வைக்கு வைக்க, முகம் கறுத்துக்கொண்டே போக, வெண்பொடி பூசிச் சமாளித்தார்கள். கறுத்தால் வெள்ளை பூசு என்பது அந்தத் தோலுக்குச் சொன்ன வைத்தியம். அங்கே கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தனி மலர்ச்சாலைகள் வைத்து, தங்கள் ஆட்களின் நிறத்தைத் தாங்களே கலக்கிப் பழகினார்கள். எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் இன்னும் வரவில்லை.

சரி, நான் என்ன செய்கிறேன்? முதலில் உள்ளேயிருந்து தொடங்குகிறேன். எம்பாம் திரவத்தில் இயோசின் மாதிரி ஒரு சிவப்புச் சாயம் கலந்தால் அது இரத்தக் குழாய் வழியாகவே போய் தோலுக்கு அடியில் நிற்கும். வடிந்துபோன சிவப்பில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும். பிறகு மேலே, சிவப்பு மண் நிறத்தில் மெல்லிய ஒரு படை, அதற்கு மேல்தான் அவருடைய பழுப்பு. பிரஷ்ஷை இழுத்துப் பூசமாட்டேன், நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்துவேன். எங்கள் முகம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. நெற்றி கன்னத்தைவிடக் கறுப்பு, கண்ணைச் சுற்றி இன்னும் கறுப்பு, மேலுதடு ஒரு நிறம், கீழுதட்டின் நடு வேறு நிறம். நாற்பது வருஷம் கண்ணாடி போட்டவருக்கு மூக்கில் இரண்டு தழும்பு இருக்கும். அதையெல்லாம் மூடி ஒரே நிறமாக்கினால் முகமூடி ஆகிவிடும்.

மஞ்சள் காமாலையோடு போனவர்கள் கடினம். தோலில் இருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள், எம்பாம் திரவத்தில் இருக்கும் போமலின் பட்டதும் பிலிவேர்டின் என்ற பச்சைப் பொருள் ஆகும், மஞ்சள் பச்சையாகும். அதற்குப் போமலின் குறைந்த திரவம் தனியாக உண்டு. அப்படியும் பச்சை தெரிந்தால் எதிர் நிறமான சிவப்பால் அதை அடக்கவேண்டும். பச்சைக்குச் சிவப்பு, ஊதாவுக்கு மஞ்சள், நீலத்துக்குத் தோடம்பழ நிறம். எங்கள் ஊரில் பிரேதத்துக்கு மஞ்சள் பூசியது சடங்குக்காகத்தான். ஆனால் ஊதா பாய்ந்த முகத்தில் மஞ்சள் என்ன செய்யும் என்பதை இப்போது நினைத்தால், அந்தப் பெண்களின் கைக்கு ஏதோ தெரிந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது.

பிறகு, முகத்தைச் சுற்றி இருப்பது. பாரிஸில் கோப்லான் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரூல் என்ற ரசாயனவியலாளர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், அதில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, 1839இல் அதை விரிவாக எழுதினார். எங்கள் பெட்டிகளில் இது தினமும் நடக்கிறது. பளிச்சென்ற வெள்ளை சாட்டினில் கறுத்த முகத்தை வைத்தால் முகம் இன்னும் இருண்டு தெரியும். யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் இருந்து நேரலையில் பார்ப்பவர்களுக்கு இன்னும் மோசம், கமெரா அந்த வெள்ளைக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தை இருட்டில் விட்டுவிடும். உடனே குடும்பம் என்னிடம் வந்து, முகத்தை வெளுப்பாக்கச் சொல்லும். முகத்தில் ஒன்றும் செய்யத் தேவையில்லை. தலையணை உறையைச் சந்தன நிறத்துக்கோ மெரூனுக்கோ மாற்றினால் போதும். வெளிச்சமும் அப்படித்தான். ஆயத்தம் செய்கிற அறையின் டியூப் வெளிச்சத்தில் பொருந்திய நிறம், பார்வை அறையின் மஞ்சள் விளக்கில் பொருந்தாமல் போகலாம். அதனால் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்துத்தான் நான் வேலையை முடிப்பேன்.

நிறத்தைவிட முடிதான் எனக்குப் பெரிய விஷயம். பெட்டிக்குக் கிட்ட வருகிறவர்கள் முகத்தைத் தொடப் பயப்படுவார்கள், கை தலைக்குத்தான் போகும். (செத்த பிறகும் முடி வளரும் என்று சொல்வது உண்மையில்லை. தோல் காய்ந்து உள்ளிழுத்துக்கொள்வதால் தாடி முளைத்ததுபோலத் தெரியும்.)

போன வருஷம் ஓர் அம்மா. மகளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அறுபது தாண்டியவர், புற்றுநோய். கீமோவில் தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் போய், தலையில் பூனைமயிர் மட்டும் முளைத்திருந்தது. குடும்பம் ஒரு விக் வாங்கி வந்தது. மை போல ஒரே கறுப்பு, நைலோன் மினுக்கம். மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கற் டின்னோடு திரும்பி வந்தார். உள்ளே சவுரி. தாய் ஊரில் இருந்த காலத்தில் சீப்பில் வந்த முடியையெல்லாம் சேர்த்துக் கட்டியது. போர், இடம்பெயர்வு, கொழும்பு, கனடா என்று எல்லா இடத்துக்கும் அந்த டின் கூடவே வந்திருக்கிறது.

ஷாம்பூவில் கழுவிக் காயவிட்டு யன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு என்று நினைத்தது வெளிச்சத்தில் செம்பட்டையாக இருந்தது. பழைய முடி அப்படித்தான் வெளுக்கும். செம்பட்டை தோடம்பழ நிறம் சார்ந்தது, அதற்கு எதிர் நீலம், அதனால் நீலச்சாயல் உள்ள கருஞ்சாயம் கொஞ்சம் இட்டேன். அப்புறம் நரை. நரை என்பது ஒரு நிறம் இல்லை. வெள்ளை முடியும் கறுப்பு முடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, தூரத்தில் கண் அதைச் சாம்பல் என்று கலந்துகொள்கிறது. சாம்பல் சாயம் பூசினால் பொம்மை முடிபோல இருக்கும். நோய்க்கு முன் எடுத்த படத்தில் காதோரம் பாதிக்கு மேல் வெள்ளை, வகிட்டுக்குப் பக்கத்தில் பத்தில் ஒன்று. அந்தக் கணக்கில் வெள்ளை முடியைப் பிரித்துப் பிரித்துக் கலந்தேன்.

பதிப்பது கிடுகு வேய்வது மாதிரித்தான். கீழ் வரிசையில் தொடங்கவேண்டும், கீழ் வரிசை ஒட்டியிருக்கிற இடத்தை மேல் வரிசை மூடவேண்டும். பின்தலை தலையணையில் புதைந்துவிடும், அங்கே வேலை இல்லை. காதுக்கு மேலிருந்து வரிசை வரிசையாகப் பசையிட்டு உச்சிவரைக்கும் ஏறினேன். நெற்றி ஓரத்தில் மட்டும் மெல்லிய மெழுகு இட்டு, ஊசியால் இரண்டு மூன்று முடியாகச் செருகினேன். அந்த ஓரம் நேர்கோடாக வந்தால் எல்லாம் பாழ். உண்மையான நெற்றியில் முடி ஒழுங்கில்லாமல்தான் தொடங்கும். புருவத்துக்கும் ஒரு போக்கு உண்டு. மூக்குப் பக்கம் மேல்நோக்கி நிற்கும், நடுவில் சரியும், வால் பக்கத்தில் மேலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும் சந்திக்கும். எல்லாம் முடிய ஐந்து மணித்தியாலம். நடு வகிடு எடுத்து, கணவர் இருப்பதால் வகிட்டில் குங்குமமும் வைத்து, கூறைச்சேலையில் அவரைக் கிடத்தினோம்.

அடுத்த நாள் கிரியையில் எண்ணெய், அரப்பு வைப்பார்கள், பொற்சுண்ணம் தூவுவார்கள். எண்ணெய் பட்டால் பசை விடும். கிரியை செய்ய வந்த ஐயாவிடம் முன்கூட்டியே சொன்னேன், அவர் ஒவ்வொருவரையும் உச்சியில் ஒரு துளி மட்டும் வைக்கச் சொன்னார். மகள் கடைசியாக வந்தார். எண்ணெய் வைத்துவிட்டுக் காதோரத்து நரையை விரலால் ஒதுக்கினார், தாய் உயிரோடு இருந்தபோது செய்தமாதிரி. முடி அசையவில்லை. ஊரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "அவளின்ரை நரையை விட்டிருக்கினம், நல்ல காரியம்" என்று சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

எல்லா முகத்தையும் சரிசெய்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்தும் சுட்டும் கொன்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமெட் டில்லின் உடல் சிகாகோவுக்கு வந்தபோது, பெட்டி திறந்தே இருக்கட்டும், என் பிள்ளைக்குச் செய்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்தத் தாய் நின்றார். அது அவருடைய உரிமை. முகம் பார்க்கக்கூடக் கிடைக்காத சாவுகள் எங்கள் வீடுகளிலும் இருக்கின்றன. முகம் கிடைத்திருக்கிறது என்பதே பெரிய விஷயம் என்று தெரிந்த நாங்கள், கிடைத்த முகத்தை வேறு யாரோ மாதிரி ஆக்கச் சொல்லிக் கேட்கலாமா?

அந்த மகனிடம் இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. "தம்பி, அம்மாவை அம்மாவாகவே வைக்கிறன், வந்து பாருங்கோ, பிடிக்காட்டில் மாத்துவம்" என்றேன். வந்து பார்த்தார். மாற்றச் சொல்லவில்லை.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயங்கள்தான். கல்யாண வீட்டுப் படம் தராதீர்கள், அது மேக்கப். பில்டர் போட்ட படமும் வேண்டாம். வெளியில், பகல் வெளிச்சத்தில் தற்செயலாக எடுத்த படம் ஒன்று தாருங்கள். வகிடு எந்தப் பக்கம், என்ன எண்ணெய் வைப்பார், டை அடித்தவரா, எப்போது நிறுத்தினார் என்று சொல்லுங்கள். பெண்களின் மேலுதட்டுப் பூனைமயிரை நாங்கள் வழக்கமாகச் சவரம் செய்துவிடுவோம், வேண்டாம் என்றால் முன்னரே சொல்லுங்கள். மீசை இருந்தவர் என்றால் அது எப்படிப்பட்ட மீசை என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் வழித்திருந்தாலும் பரவாயில்லை, பிடரியில் இருந்து எடுத்த அவருடைய சொந்த முடியிலேயே திரும்ப வைக்கலாம்.

அப்பாவின் மீசை தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று எங்களிடம் இருந்தது. முற்றத்தில் சைக்கிளோடு நிற்கிற படம். அன்றைக்கு அதை ஒருவரும் கேட்கவில்லை, கொடுக்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.