பனி ராஜாவும் அம்மாவின் பாட்டு நோட்டும்

சூறாவளி எச்சரிக்கை 3-ஆம் நிலைக்கு ஏறிவிட்டால் மொரீஷியஸில் பஸ் ஓடாது, கடை திறக்காது, எல்லாரும் வீட்டுக்குள் அடங்கிவிடுவோம். அப்படி ஒரு நாள் ரோஸ் ஹில்லில் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டபோதுதான் இந்த வாக்குவாதம் ஆரம்பித்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா மகள், 2010 முதல் 2019 வரை வந்த தொலைக்காட்சி அனிமேஷன் தொடர்களில் சிறந்தவை எவை என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். முதலிடம் போஜாக் ஹார்ஸ்மேன். அட்வென்சர் டைம் ஆறாவது இடத்தில் கிடந்தது.

“ஆறாவதா?” என்று கேட்டேன்.

“சித்தி, அது சின்னப் பிள்ளைங்க பார்க்கிறது” என்றாள்.

காற்று அன்றைக்கே ஓய்ந்துவிட்டது. அந்தப் பதில் மட்டும் எனக்குள் ஓயவில்லை. அங்கே பாதியில் நின்ற பேச்சை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரிப் பட்டியல் போடுகிற பலர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக் கார்ட்டூனில் எதுவும் தொடராது. இந்த வாரம் நடந்தது அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சிம்ப்ஸன்ஸ் 1989 டிசம்பரில் தொடங்கியது, அதில் வரும் பையன் பார்ட்டுக்கு இன்னும் 10 வயதுதான். 2010-க்குப் பிறகு வந்தவைதான் தொடர்கதையாக வளர்ந்தன, பாத்திரங்கள் வளர்ந்தார்கள், பட்ட காயம் ஆறாமல் கூடவே வந்தது என்கிறார்கள்.

அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு அது புதுசாகத் தெரிந்திருக்கலாம். எங்கள் தீவில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஜப்பானில் செய்து பிரெஞ்சில் டப்பிங் ஆகி வந்த தொடர்களைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். எங்கள் அரசுத் தொலைக்காட்சியான எம்.பி.சி.யில் ஒன்றும் இல்லாத நேரத்தில் அப்பா கூரைமேல் ஏறி ஆன்டெனாவை ரேயுனியன் பக்கம் திருப்புவார். கீழே இருந்து நாங்கள் “வந்துடுச்சு, வந்துடுச்சு, விடுங்க!” என்று கத்துவோம். கடலுக்கு அந்தப் பக்கம் சுமார் 175 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவிலிருந்து படம் புள்ளிபுள்ளியாக வந்து சேரும். கோல்டோராக் என்ற ராட்சத ரோபோத் தொடர் மொத்தம் 74 எபிசோட். எல்லா வாரமும் ஒரு அசுரன் வருவான், உண்மைதான். ஆனாலும் தன் கிரகத்தை இழந்து வந்தவன் அந்த வீரன். அந்தத் துக்கம் அவனை விட்டு ஒரு நாளும் போகவில்லை.

அப்புறம் கேண்டி. அனாதை இல்லத்தில் வளர்ந்த பெண். அவள் முதன்முதலாக விரும்பிய அந்தோணி, நரி வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனான். அன்றைக்கு அக்கா சாப்பிடவே இல்லை. அடுத்த வாரம் வந்துவிடுவான் என்று நான் சமாதானம் சொன்னேன், அதற்கு முன்னால் பார்த்த கார்ட்டூன் எல்லாம் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தன. அவன் வரவில்லை. எத்தனையோ வாரம் பார்த்தோம். கேண்டிதான் வளர்ந்தாள், அவன் செத்தவனாகவே இருந்தான். கார்ட்டூனுக்கும் ஞாபகம் இருக்கும் என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். அது எண்பதுகள்.

அதனால் கதை தொடர்கிறது என்பதற்காக ஒரு தொடரை நான் உயர்த்திப் பேச மாட்டேன். 2010-களின் தொடர்களில் நான் பார்க்கிற புதுமை வேறு. நினைவு என்றால் என்ன, அது போய்விட்டால் மனிதரிடம் என்ன மிஞ்சும் என்பதையே அவற்றில் சில கதையாக எடுத்துக்கொண்டன. ஒன்று இரண்டு இல்லை. கிராவிட்டி ஃபால்ஸ் 40 எபிசோடில் 2016 பிப்ரவரியில் முடிந்தது. அதன் முடிவில் ஊரைக் காப்பாற்ற ஸ்டான் தாத்தா தன் நினைவு முழுவதையும் அழிய விடுகிறார். இந்தக் கட்டத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் பேத்தி ஒட்டிவைத்த படப் புத்தகத்தைக் காட்டியதும் சில நிமிஷத்தில் நினைவு திரும்பத் தொடங்கிவிடுகிறது. அருமையான தொடர், அந்த இடத்தில் மட்டும் அவசரப்பட்டுவிட்டது. ரிக் அண்ட் மார்ட்டியிலும் ஒரு எபிசோடு முழுக்கப் பேரனின் நினைவுகளை எடுத்து எடுத்து ஒளித்துவைக்கும் கதைதான். புத்திசாலித்தனம் நிறைய இருக்கிறது, ஆனால் அந்தப் பையனுக்காக யாரும் வருத்தப்படவில்லை. அதனால் நானும் வருத்தப்படவில்லை.

இப்போது அட்வென்சர் டைம். பென்டில்டன் வார்ட் உருவாக்கியது, 2010 ஏப்ரலில் தொடங்கி 2018 செப்டம்பரில் முடிந்தது. ஒரு எபிசோட் 11 நிமிஷம். அதில் ஐஸ் கிங் என்று ஒரு கிழவன். நீல முகம், நீளத் தாடி, தலையில் கிரீடம். இளவரசிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனிக்குகையில் அடைப்பான், ஃபின் என்ற பையன் வந்து உதைப்பான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் அந்தக் கிழவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் தெரிகிறது. அவர் ஒரு காலத்தில் சைமன் என்ற பழம்பொருள் ஆராய்ச்சியாளர். அந்தக் கிரீடம் உயிரைக் காப்பாற்றும், அதற்கு விலையாக மனசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

2012 அக்டோபரில் வந்த எபிசோடைத்தான் நான் சொல்ல வந்தேன். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘உன்னை எனக்கு ஞாபகம் இருக்கிறது’. இளவரசிகளை மயக்கப் பாட்டுக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஐஸ் கிங், மார்சலின் என்ற, வயதாகாத வாம்பயர்ப் பெண்ணின் வீட்டுக்குப் பழைய காகிதங்களை அள்ளிக்கொண்டு வருகிறார். மார்சலின் படித்துப் பார்க்கிறாள். அது அவளுக்கு எழுதிய கடிதம். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், உலகம் அழிந்த நேரத்தில், தனியாக நின்ற ஏழு வயதுக் குழந்தையான அவளைக் காப்பாற்ற அதே சைமன் அந்தக் கிரீடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டார். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று தெரிந்தே, புத்தி முழுசாகப் போவதற்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய வரிகள் அவை. இன்றைக்கு அவற்றை எழுதியது தான்தான் என்பதே அவருக்குத் தெரியாது. அவள் அழுதுகொண்டே அதைப் பாடுகிறாள். அவர் பாட்டு நன்றாக வருகிறது என்ற சந்தோஷத்தில் கூடச் சேர்ந்து வாசிக்கிறார்.

எங்கள் அம்மாவுக்கு இப்போது ஞாபகம் அவ்வளவாக இல்லை. என்னைச் சில நாள் தன் தங்கை என்று நினைத்துப் பேசுவார். தமிழ் எழுத்துப் படிக்கும் வாய்ப்பு அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் நிறையப் பேரைப் போல, முருகன் பாட்டுகளைக் காதால் கேட்டு பிரெஞ்சு எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். ‘உ’ வர வேண்டிய இடத்தில் எல்லாம் பிரெஞ்சு வழக்கப்படி இரண்டு எழுத்துச் சேர்த்து, வட்ட வட்டமான கையெழுத்து. காவடி விரத நாளில் அந்த நோட்டை எடுத்து மடியில் வைத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தார், இரண்டு பக்கம் புரட்டினார். “யாரும்மா எழுதினது? அழகா எழுதியிருக்கே” என்றார். “நீங்கதான்மா” என்றேன். நம்பவில்லை, தலையை ஆட்டிச் சிரித்தார். பிறகு நோட்டைப் பார்க்காமலே அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடினார். ஒரு சொல் தப்பவில்லை.

அந்த எபிசோடை நான் முதலில் பார்த்தது இதற்குப் பல வருஷம் முன்னால். அக்கா மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குத் துணையாக உட்கார்ந்து பார்த்தேன். அப்போது நல்ல கதை என்று தோன்றியது. நோட்டை மடியில் வைத்த அன்றைக்குத்தான் அதை எழுதியவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பது புரிந்தது. எழுதியவர்களில் ஒருவர் ரெபெக்கா சுகர். மறு வருஷமே ஸ்டீவன் யூனிவர்ஸ் என்ற தன் சொந்தத் தொடரைத் தொடங்கினார்.

சரி, அக்கா மகளின் கட்சியையும் சொல்கிறேன். போஜாக் ஹார்ஸ்மேன் 2014-இல் தொடங்கியது, பெரியவர்களுக்கான தொடர், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக் கூடாது. அதன் 4-ஆவது சீசனில் ஒரு எபிசோட், 2017-இல் வந்தது, முழுக்க போஜாக்கின் அம்மா பியட்ரிஸின் தலைக்குள் நடக்கிறது. முதியோர் இல்லத்துக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறார். நினைவுகள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன. பின்னால் நிற்கிற ஆட்களுக்கு முகமே இல்லை. வேலைக்காரப் பெண் ஒருத்தியின் முகத்தை மட்டும் கறுப்புக் கோட்டால் கிறுக்கி அடித்திருக்கிறது, அவளை நினைக்கப் பியட்ரிஸால் தாங்க முடியாது என்பதற்காக. மறதி உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று எந்த நடிகரை வைத்தும் இப்படிக் காட்ட முடியாது, வரைந்துதான் காட்ட முடியும். இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

கடைசியில் போஜாக், தன்னை வாழ்நாள் எல்லாம் குத்திக் கிழித்த அந்த அம்மாவிடம் கோபத்தைக் கொட்டப் போகிறவன், அவர் பயந்துபோய் “நான் எங்கே இருக்கிறேன்?” என்று கேட்டதும் மாறிவிடுகிறான். சின்ன வயதில் இருந்த ஏரிக்கரை வீட்டில் இருக்கிறீர்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறீர்கள் என்று பொய் சொல்கிறான்.

“சித்தி, பாட்டி நல்ல அம்மா. அதனாலதான் உங்களுக்கு ஐஸ் கிங்கைப் பிடிச்சிருக்கு. எல்லாருக்கும் அப்படி அம்மா கிடைக்கலையே. கெட்ட அம்மாவும் ஒரு நாள் மறந்துபோவாங்க, அவங்க பிள்ளை அப்ப என்ன செய்யணும்? அதை போஜாக் மட்டும்தான் கேட்டிருக்கு” என்றாள் அக்கா மகள்.

இதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் அவள் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒரு எபிசோடுக்காகவே போஜாக்குக்கு என் பட்டியலில் இரண்டாம் இடம் உண்டு. ஆனால் முதலிடம் கிடையாது. காரணம் இதுதான். போஜாக் பார்க்க வருகிறவர்களுக்கு வாழ்க்கை ஏற்கெனவே கொஞ்சம் அடிபட்டிருக்கும். அட்வென்சர் டைம் எட்டு வயதுப் பிள்ளையிடம் முதலில் ஒரு கிழவனைக் காட்டிச் சிரிக்க வைத்தது, அப்புறம் “நீ யாரைப் பார்த்துச் சிரித்தாய் தெரியுமா?” என்று மெதுவாகச் சொன்னது. திட்டவில்லை, பாடம் நடத்தவில்லை. ஃபினுக்குக் குரல் கொடுத்த ஜெரமி ஷாடாவுக்குத் தொடர் போகப் போகக் குரல் உடைந்தது. ஆளை மாற்றாமல் ஃபினையும் கூடவே வளரவிட்டார்கள். 12 வயதில் அவனோடு பார்க்க ஆரம்பித்த பிள்ளை வளர்ந்தபோது அவனும் வளர்ந்திருந்தான். பார்க்கிற பிள்ளையை இவ்வளவு மதித்த தொடர் அந்தப் பத்து வருஷத்தில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. அட்டாக் ஆன் டைட்டன் 2013-இல் தொடங்கி 2023-இல்தான் முடிந்தது. முடியாத கதையை அந்தப் பத்தாண்டின் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை. ஓவர் தி கார்டன் வால், 2014 நவம்பரில் வந்த பத்தே எபிசோட், ஒரே மாலையில் பார்த்து முடிக்கலாம், ஒரு காட்சிகூட வீண் இல்லை. என் மூன்றாம் இடம் அதற்கு. 2018 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய புளூயியைப் பட்டியல் போடுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் பட்டியல் எழுதுவதில்லை என்பதால். ஏழு நிமிஷத்தில் ஒரு அப்பாவும் இரண்டு மகள்களும் விளையாடுவதை அவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள், அதை விடக் கூடாது. மிராக்குலஸ் எங்கள் பள்ளியில் பாதிப் பெண் பிள்ளைகளின் முதுகுப்பையில் இருக்கிறது, ஆனால் பாரிஸில் எல்லா எபிசோடிலும் ஒரு வில்லன், கடைசியில் உடைந்தது எல்லாம் ஒரே நொடியில் சரியாகிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான் தமிழ் டீச்சர். போன வாரம் 5-ஆம் வகுப்பில் மறதி, ஞாபகம், நினைவு என்று மூன்று சொற்களையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பாடப் புத்தகத்தை மூடிவிட்டு ஐஸ் கிங்கைப் பனி ராஜா ஆக்கி இந்தக் கதையைச் சொன்னேன். பொதுவாகப் பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பதில் சொல்வார்கள். அன்றைக்கு மிராக்குலஸ் பை வைத்திருந்த ஒரு குட்டிப்பெண் தமிழிலேயே கேட்டாள்: “டீச்சர், அப்புறம் ராஜாவுக்கு ஞாபகம் வந்துச்சா?”

வந்தது என்று சொன்னேன். 2018-இல் கடைசி எபிசோடில் கிரீடத்தின் பிடி விட்டு அவர் மறுபடி சைமனாக எழுந்திருக்கிறார். அதற்காக அவர் காதலித்த பெட்டி என்ற பெண் திரும்ப முடியாத இடத்துக்குப் போய்விட்டாள். அதையும் மறைக்காமல் சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்தது.

அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். அட்வென்சர் டைமை மூன்றாம் இடத்துக்கு ஏற்றியிருக்கிறாள், போஜாக்கை அசைக்கவில்லை. கடைசி எபிசோடை அவள் இன்னும் பார்க்கவே இல்லையாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அம்மாவையும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பார்க்கப்போகிறோம்.