ரஷ்யாவில் மருத்துவம்: மொழியே வேண்டாமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் இது: ‘நீட் வேண்டாம், ரஷ்ய மொழி வேண்டாம், திரும்பி வந்ததும் கிளினிக் போடலாம்.’ மூன்றுமே தவறு.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேரவும் நீட் தேர்ச்சி கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். பாதி ஆங்கிலம், பாதி ரஷ்யம் என்றால் இங்கே சிக்கல்தான். சேரும் முன் பாடமொழியைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது.

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் படுத்திருப்பவர் பேசுவது ரஷ்யம். நம் ஊரில் நெஞ்சு ‘குத்துது’, ‘அழுத்துது’ என்பதைப் போல அங்கே ‘கோலெத்’, ‘தாவித்’. அழுத்துவதாகச் சொன்னால் முதலில் மாரடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வேறுபாடு காதில் விழாத மாணவர் வார்டில் வெறும் பார்வையாளர். முதல் ஆண்டிலேயே ரஷ்யத்தை எழுதும் சிரிலிக் எழுத்து, உடலுறுப்புப் பெயர், வலிச் சொற்கள் என்று தொடங்கிவிட வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஆரம்பித்தால் தாமதம்.

திரும்பியதும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வான எஃப்.எம்.ஜி.இ.: 300 கேள்வி, 150 சரியாக வேண்டும். பிறகு இங்கும் பயிற்சி மருத்துவராக 12 மாதம். நிரந்தரப் பதிவு அதற்கப்புறம்தான்.