வெயில் சூட்டுக்கு காய்ச்சல் மாத்திரை குடுக்காதீங்க
வேர்வைதான் உடம்பை குளிர வைக்குதுன்னு ஒரு கட்டுரைல போட்டிருந்தாங்க, அது சரிதாங்க, ஆனா வேர்த்தா மட்டும் பத்தாது, அது ஆவியா போனாதான் சூடு இறங்கும். சென்னைல மே மாசம் சட்டை முழுக்க நனைஞ்சும் புழுக்கம் அடங்காததுக்கு காத்துல இருக்க ஈரம்தான் காரணம்.

அந்த கட்டுரைல முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு. காய்ச்சல்ல, மூளைல உடம்பு சூட்டை கட்டுப்படுத்துற ஹைப்போதலாமஸே சூடு இவ்ளோ இருக்கணும்ங்கற அளவை ஏத்தி வைக்குது, பாராசிட்டமால் அதை இறக்கும், ஆனா வெயில் சூடு தாக்கி வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல அந்த அளவு மாறவே இல்ல, உடம்பால சூட்டை வெளிய தள்ள முடியல அவ்ளோதான், அதனால மாத்திரை கேக்காது. வெயில்ல வேலை பாக்குறவங்க திடீர்னு உளறினா உடனே 108க்கு போன் போட்டுட்டு நிழல்ல படுக்க வச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க, நினைவில்லாதவங்க வாய்ல தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, புரை ஏறிடும்.