யுவராஜா பட்டம் பேருக்கு குடுத்தது இல்ல
யுவராஜாங்கறது அடுத்த ராஜாவுக்கு முன்கூட்டியே குடுக்கற வெறும் கௌரவப் பட்டம்னு கட்டுரையில எழுதியிருக்கறத ஒத்துக்கவே முடியல, சோழர்கள் விஷயத்துல அது முழு ஆட்சிப் பொறுப்பு. ராஜராஜன் 1012லயே ராஜேந்திரனுக்குப் பட்டம் கட்டிட்டார், அவர் காலமானது 1014, ஆனா ராஜேந்திரனோட ஆட்சியாண்ட 1012லேர்ந்துதான் கணக்குப் பண்றாங்க. ராஜேந்திரனும் 1018ல மகன் ராஜாதிராஜனுக்குப் பட்டம் கட்டி 1044 வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே ஆண்டாங்க, 26 வருஷம், இதுவா பேருக்கு குடுத்த பட்டம்? நம்ம திருவொற்றியூர் கோயில்லயே ரெண்டு பேர் கல்வெட்டும் இருக்கு, போறவங்க நிதானமா நின்னு பாருங்க, ராஜா பேருக்கு அப்புறம் 'யாண்டு'ன்னு, அதாவது ஆட்சியாண்டுன்னு, போட்டு வர்ற எண்ணு பட்டம் கட்டின வருஷத்துலேர்ந்து வர்ற கணக்குதான். அதே சமயம் மேல கமெண்ட்ல ஒருத்தர், யுவராஜா பட்டம் கட்டிட்டா சிம்மாசனம் கன்ஃபார்ம்னு சொல்லியிருக்கார், அதுவும் சரியில்ல சார், சுந்தர சோழரோட மூத்த பிள்ளை ஆதித்த கரிகாலன் பட்டம் கட்டினவர்தான், வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரின்னு, அதாவது சோழ ராஜாக்களோட பட்டப்பேரோடயே, தனியா கல்வெட்டே இருக்கு, அவர கொன்னுட்டாங்க, சிம்மாசனம் உத்தம சோழருக்குப் போச்சு, தம்பி ராஜராஜன் 985 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிடுச்சு.