உப்பு கிடைத்தது, விறகுக்கு எங்கே போவது?

உப்பு என்றதும் நமக்குப் பாத்தியும் வெயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். கடலும் இல்லை, கொளுத்தும் வெயிலும் இல்லை, ஆனாலும் தலைமுறை தலைமுறையாக உப்பு எடுத்த ஊர் ஒன்று ஜெர்மனியில் சாலே ஆற்றங்கரையில் இருக்கிறது. பாட் டூரன்பெர்க். சின்ன ஊர்.

வழக்கமாகச் சொல்லும் கதை இது: இந்த ஊர் அப்போது சாக்சனி நாட்டில் இருந்தது. அந்த நாடு உப்புக்குப் பக்கத்து நாடான பிரஷ்யாவின் ஹாலே நகரை நம்பியிருந்தது. அந்தத் தொல்லை தீர, போர்லாக் என்ற சுரங்க வல்லுநர் 1744இல் இங்கே தோண்ட ஆரம்பித்தார். 19 வருஷம்! 1763 செப்டம்பர் 15 அன்று, 223 மீட்டர் ஆழத்தில் உப்புநீர் பீறிட்டது. மனிதருக்கு அப்போது வயது 76.

நல்ல கதைதான். ஆனால் ஊற்று பீறிட்டதோடு கைதட்டிவிட்டுக் கிளம்புவது எனக்கு ஒப்பவில்லை. வெயில் செய்யாத வேலையை அங்கே நெருப்பு செய்ய வேண்டும். ஊற்றுநீரை அப்படியே கொப்பரையில் காய்ச்சினால் பாதி விறகு வெறும் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். காட்டை வெட்டிக் கட்டுப்படியாகுமா?

அதற்குத்தான் ஊரில் ஒரு முட்சுவர் கட்டினார்கள். மரச்சட்டத்தில் முட்செடிச் சுள்ளிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மேலிருந்து உப்புநீரைச் சொட்டவிடுவார்கள். காற்று புகுந்து தண்ணீரைக் குடித்துவிடும். கீழே சேர்வது செறிந்த உப்புநீர். அதைக் காய்ச்சினால் விறகு மிச்சம். கூடவே ஜிப்சம் முள்ளிலேயே படிந்து கல்லாகிவிடும். போர்லாக்குக்கு ஒரு மாலை போட்டால் இந்தச் சுள்ளிக்கு இரண்டு போட வேண்டும் என்பேன்.

நோவாலிஸ் என்ற ஜெர்மன் கவிஞரைத் தெரிந்தவர்கள், நீலமலரைக் கனவில் கண்டு தேடும் கதை எழுதிய கனவுக்காரராகவே அவரைப் பார்க்கிறார்கள். அவர் சம்பளம் வாங்கியது டூரன்பெர்க்கையும் சேர்த்துக் கவனித்த உப்பு நிர்வாகத்தில். 1799இலிருந்து அங்கே அதிகாரி. கொப்பரை எரிக்கப் பழுப்பு நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராகத் தேடினார். கவிஞனுக்கும் விறகுக் கவலைதான்! 1801இல், 28 வயதில் இறந்து போய்விட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. எந்த பிரஷ்யாவிடம் கையேந்தக் கூடாதென்று தோண்டினார்களோ, 1815இல் ஊரே அந்த பிரஷ்யாவின் கைக்குப் போனது.

1963இல் உப்புக் காய்ச்சுவதை நிறுத்திவிட்டார்கள். முட்சுவர் மட்டும் 636 மீட்டர் நீளத்துக்கு இன்னும் நிற்கிறது. உப்புக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று ஜனங்கள் அதையொட்டி நடக்கிறார்கள். சுள்ளி கல்லாகிப் போனால் இப்போதும் பிடுங்கிவிட்டுப் புதுசு செருகத்தான் வேண்டும்.